மாடியிலிருந்து இறங்காத தூண்டில்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. உந்துதல், உள்ளொளி என்று எழுதுகிறவர்கள் சொல்லிக்கொள்கிற எதுவும் இதற்குக் கிடையாது. என் எழுத்து மேஜைக்கு மேலே, அலமாரியிலிருந்து ஜன்னல் திண்டு வரைக்கும், குறுக்கே ஒரு பதின்மூன்றடித் தூண்டில் கம்பு கிடக்கிறது. நிமிர்ந்தால் நெற்றியில் இடிக்கும். குனிந்தபடி எழுதுகிறேன். வாக்கியங்கள் கொஞ்சம் முதுகு வளைந்து வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பைச் செய்தவர் என் கணவர். கதையென்று ஆனபிறகு பெயரை மாற்ற வேண்டுமே என்று திரவியம் என்று வைத்துப் பார்த்தேன். "அது எங்க அப்பா பேருல்லா" என்றார். சரி, சாம்பசிவன் என்று வைத்தேன். "அக்ரஹாரத்துப் பேரு. அவரு எப்பிடி சாளை மீனு நறுக்குவாரு? படிக்கவன் சிரிப்பான்" என்றார். கடைசியில் அவருடைய சொந்தப் பெயரையே போட்டேன். ஜெயகுமார். அதற்கு மட்டும் ஒரு ஆட்சேபமும் வரவில்லை. [ஆண்கள்.]

இவருக்கு எப்படி எல்லாம் தெரிகிறது என்றால், பதினெட்டு வருஷமாக என் கதைகளுக்கு முதல் வாசகர் இவர்தான். வாசகர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பென்சிலோடு உட்காருவார். காதல், மரணம், துரோகம் எதிலும் தலையிட மாட்டார். சாமான்களின் பெயர் தப்பாக இருந்தால் விட மாட்டார். அவருடைய பென்சில் குறிப்புகளை அங்கங்கே நட்சத்திரம் போட்டு அப்படியே கொடுத்திருக்கிறேன். கொடுக்காவிட்டால் அதற்கும் ஒரு குறிப்பு எழுதுவார்.

இனி ஆரம்பம்.

'கடல் அமைதியாக இருந்தது.'

[இல்லை. மழை தொடங்குகிற மே மாதக் கடைசியில் எங்கள் ஊர் வேளிக் கடல் அமைதியாக இருந்ததென்று எழுதினால் கரையில் இருக்கிறவர்கள் வீடு தேடி வந்து கேட்பார்கள்.]

'மனிதன் ஆதிநாள் முதல் கடலின் முன் நின்று தன் சிறுமையை'

[போதும். கை கூசுகிறது.]

'ஜெயகுமாருக்கு ஒரே ஒரு சிநேகிதன்.'

இது இருக்கட்டும்.

2

ஜெயகுமாருக்கு ஒரே ஒரு சிநேகிதன். சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷமாகப் பைப் கடை வைத்திருப்பவருக்குத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? பிளம்பர்கள், மேஸ்திரிகள், கடன் சொல்லிவிட்டுத் தெருவை மாற்றி நடக்கிறவர்கள் என்று நூறு பேர் உண்டு. சிநேகிதன் என்று கேட்டால் கிரீஷ்தான். தம்பானூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். எட்டு வயது இளையவன். இவரை அண்ணாச்சி என்பான், என்னை மைனி என்பான்.

ஆறு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வேளிக்குப் போவார்கள். கரையில் நின்றபடி, உடைகிற அலைகளைத் தாண்டி எறிகிற தூண்டில் அவர்களுடையது. அவ்வளவு தூரம் போய் விழ வேண்டுமென்றால் கம்பு ஆளைப்போல் இரண்டு மடங்கு நீளம் வேண்டும். ஸ்கூட்டரில் கொண்டுபோவதற்காக இரண்டு பாதியாக இருக்கும். கரையில் போய் ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகி, முறுக்கி இறுக்கிக்கொள்வார்கள். கம்பு கிரீஷுடையது, மஸ்கட்டிலிருந்து அவன் மச்சான் கொடுத்து விட்டது. ஆளுக்கு ஒரு எறி. அவ்வளவு நேரம் நின்று என்ன பேசுவீர்கள் என்று ஒருதடவை கேட்டேன். "என்னத்தப் பேச" என்றார். மீன் வந்ததைவிட வராத நாள்தான் அதிகம். ஆனால் திரும்பி வரும்போது அந்த முகம் வேறு மாதிரி இருக்கும், அதை நான் சொல்லியாக வேண்டும். கடையில் வாரம் முழுக்க இருக்கிற முகம் இல்லை அது.*

[எனக்கும் லாபம். ஞாயிறு ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை வீடு என்னுடையது. நான் எழுதியதெல்லாம் அந்த ஐந்து மணி நேரத்தில்தான்.]

மே கடைசி ஞாயிறு. கிரீஷ் இரைக்காகச் சாளை நறுக்கிக்கொண்டிருந்தான். முன்னால் பாரை மீன் கூட்டம் ஒன்று தண்ணீருக்கு மேலே துள்ளிக்கொண்டு போனது. ஜெயகுமார் அவசர அவசரமாகக் கம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்தார்.

"இறுக்கினீங்களா அண்ணாச்சி?" கிரீஷ் தலை நிமிராமல் கேட்டான்.

"ஆச்சு."

எறிந்தார். ஈயக்குண்டு போனது. அதற்குப் பின்னாலேயே கம்பின் மேல் பாதியும் கழன்று போனது. தூண்டில் நரம்பு ரீல் பக்கத்தில் அறுந்தது, அலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. ஜெயகுமார் கையில் ஆறரை அடிக் கழி மட்டும் நின்றது.

அப்போது அவர் சொன்னது இது: "ஜாயிண்ட் சரியில்லடே. டூப்ளிகேட் சாமான்."

கிரீஷ் கடலைப் பார்த்தான். பிறகு இந்த மலையாள ஊர் முழுக்கப் பரவாயில்லை என்பதற்குச் சொல்கிற வார்த்தையைச் சொன்னான். "சாரமில்ல அண்ணாச்சி."

வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், நாளைக்குப் போகலாமா என்று வழக்கமாக வருகிற போன் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை.

* "முகம்" வரி வேண்டாம். சாமான் சம்பந்தமில்லாதது. (ஜெ.)

3

வேறு யாராக இருந்தாலும் ஒரு போன் போட்டுப் பேசியிருப்பார்கள். கதையும் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்து நானும் சாம்பாருக்கு அரைக்கப் போயிருப்பேன். ஜெயகுமார் அந்த ரகம் இல்லை. "ஒரு கம்பு செஞ்சு கொண்டுபோய்க் கொடுத்திருகேன்" என்றார்.

"கடையில் வாங்கிக் கொடுத்தா என்ன?"

"வெல கேட்டியா? நம்ம கையில நாலாயிரத்துக்கு மேல ஒரு பைசா கெடையாது. நம்ம கடையில இல்லாத சாமானா?"

இந்த வாக்கியத்தைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். என் தலையெழுத்து.

வெறும் கம்பு மட்டும் இரண்டு பாதியாகச் சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. அதோடு நாலாயிரத்தில் முக்கால்வாசி காலி. மிச்சத்தையெல்லாம் தெருவிலேயே சேகரித்தார். ரீலைப் பிடித்து நிறுத்துகிற பிடிக்கு, ரப்பர் குழாயை இறுக்குகிற இரண்டு ஹோஸ் கிளிப். கைப்பிடிக்குச் சைக்கிள் டியூப். வளையங்களைக் கட்டத் தையல் சாமான் கடையிலிருந்து சிவப்பு நைலான் நூல். வேலை செய்ய இடம்? கடைக்கு மேலே இருக்கிற என் மாடி அறை. "நீ ஞாயித்துக்கிழமதான எழுதுவ" என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் இப்போது அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாரே.

தூண்டிலில் நூல் கட்டுவது சும்மா சுற்றுகிற காரியம் இல்லை. நரம்பு ஓடுகிற ஒவ்வொரு வளையத்தின் காலையும் கம்போடு வைத்து, இழைக்கு இழை ஒட்டினாற்போல் விறைப்பாகச் சுற்ற வேண்டும். விறைப்புக்கு நூலை ஒரு கனத்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு இழுப்பார்களாம். வீட்டிலேயே கனத்த புத்தகம் என் அகராதி. மூன்று வாரம் அது சிவப்பு நூலைக் கவ்விக்கொண்டு கிடந்தது. 'ப'வில் ஆரம்பிக்கிற எந்த வார்த்தையையும் நான் பார்க்க முடியவில்லை. இந்தக் கதையில் பகரத்தில் ஏதாவது தப்பு இருந்தால் காரணம் இதுதான்.

முதலில் வளையங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சமதூரத்தில் கட்டினார். சுவரில் குழாய்க்குக் கிளாம்ப் அடிக்கிற கணக்கு அது. ஏழு வளையமும் கட்டி முடித்து, நரம்பைக் கோத்து, நுனியை இழுத்துப் பார்த்தார். கம்பு வளைந்தது, நரம்பு வளையாமல் இடையில் நேராக நின்றது. நுனிக்குப் போகப் போக நெருக்கமாகக் கட்ட வேண்டுமாம். ஏழையும் பிரித்தார்.* மறுபடி கட்டினார். அதன்மேல் பூசுகிற எபாக்சிப் பசை ஒரு பக்கமாக வழியாமல் காய, கம்பு மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். எதிர்த்த ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை கட்டிய பொம்மையைச் சுழற்றுகிற மோட்டார் பழுதாகிக் கிடந்ததை வாங்கி வந்து பழுது பார்த்தார். ஒரு நாள் முழுக்க அது என் மேஜைமேல் நின்று தூண்டிலைச் சுழற்றியது. பசை நாற்றம் என் ரவிக்கைத் துணி வரைக்கும் ஏறிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேலேயே சந்தேகம் வருகிறது. ஒரு மனுஷன் ஒரே ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதற்காக இவ்வளவு பாடுபடுவானா? எழுதுகிறவளாக என்னால் நம்ப முடியவில்லை. பெண்டாட்டியாக நம்புகிறேன்.

* ஆறுதான் பிரித்தேன். நுனி வளையம் ஒட்டியது, பிரிக்க வராது. (ஜெ.)

4

நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, இரண்டாம் பகுதியில் 'கம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. கம்பு வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் நான் எழுதிய முதல் பிரதியில் அது அப்படி இல்லை. 'இரண்டு பாதிகளையும் சேர்த்து, நன்றாக முறுக்கி இறுக்கினார்' என்று எழுதியிருந்தேன். ஜாயிண்ட் டூப்ளிகேட் என்று வீட்டில் வந்து எத்தனை தடவை சொன்னார், நான் நம்பித்தான் எழுதினேன்.

அந்தப் பிரதி வழக்கம்போல முப்பது நாற்பது பென்சில் குறிப்போடு திரும்பி வந்தது. ஈயக்குண்டின் எடை, பாரை துள்ளுகிற விதம், ஸ்கூட்டரின் மாடல். அந்த ஒரு வரிக்கு மட்டும் பக்கத்தில் குறிப்பு இல்லை. 'நன்றாக முறுக்கி இறுக்கினார்' என்பதன்மேல் ஒரு கோடு. அழுத்தமாகக்கூட இல்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு கீழே கடைக்கு இறங்கினேன். பிளம்பர் இசக்கிக்கு, இரண்டு குழாயை இணைக்கிற ஒரு கப்ளிங்கைக் காட்டிக்கொண்டிருந்தார். இசக்கி போகிறவரை நின்றேன்.

"இத ஏன் வெட்டினீங்க?"

"வரி நீளமா இருந்து."

"என் வரி நீளம்னு இத்தன வருஷத்துல நீங்க சொன்னதே கெடையாதே."

கையிலிருந்த கப்ளிங்கை முறுக்கினார், கழற்றினார், திரும்ப முறுக்கினார். பிறகு சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். அதை இங்கே எழுதவில்லை, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும்: அன்றைக்கு அவர் இறுக்கவில்லை. பாரையைப் பார்த்த அவசரத்தில் சொருகினார், அவ்வளவுதான். கிரீஷ் கேட்டபோது வாய்க்கு வந்தபடி ஆச்சு என்றார். கழன்று போனபிறகு, முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் ஜாயிண்ட் விற்கிறவருக்கு, நான் ஜாயிண்டை இறுக்கவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. பழியைக் கம்பின்மேல் போட்டுவிட்டார்.

"அத அவன்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சுதுல்லா. கம்பா பெருசு? அவனுக்கு அது தெரியாமலா இருக்கும்?"

"தெரியும்" என்றார். "அதான் கூப்பிட மாட்டேங்கான்."

"பின்ன?"

"வெறுங்கையோட எப்பிடிப் போக? கம்பு ஆகட்டும். கம்போட போறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கப்ளிங்கைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன். அதே சமயம் பாவமாகவும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் ஒரே சிநேகிதனையும் தொலைத்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் நின்று, மீன் பிடிக்கிற கம்பின்மேல் நம்பிக்கை வைத்துக்கொண்டிருக்கிற ஆளை என்ன செய்ய?

5

அன்று மத்தியானமே மாடிக்குப் போனார். வேலையெல்லாம் முடிந்திருந்தது. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்து, ஒருதடவை அழகு பார்த்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அவர் கடையில் பசை போடாத இணைப்பு என்றால் வேலை முடியாத இணைப்பு. குழாயைத் துடை, பசை தடவு, சொருகு, கால் திருப்பு முறுக்கு, முப்பது எண்ணும்வரை பிடி. தூக்கத்தில்கூட அந்தக் கை அதைச் செய்யும். அதோடு இந்த ஜாயிண்ட் இனி ஜென்மத்துக்கும் கழலக் கூடாது என்று ஒரு வைராக்கியம் வேறு. மிச்சமிருந்த எபாக்சியைத் தடவி, சொருகி, கால் திருப்பு முறுக்கி, முப்பது எண்ணி, காய வைத்துவிட்டுக் கீழே வந்து சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்.

சாயங்காலம் கம்பை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். இறங்கினார் என்று எழுதுவது தப்பு. எங்கள் மாடிப்படி மரப்படி, நடுவில் ஒரு திருப்பம், தலைக்கு மேலே உத்தரம். பதின்மூன்றடிக் கம்பு அதில் எந்தப் பக்கமாகவும் திரும்பாது. ஸ்கூட்டரில் எப்படிக் கொண்டுபோவது என்பது அதற்கப்புறம் வருகிற கேள்வி, அதுவரை நாங்கள் போகவே இல்லை.

ஜன்னல் வழியாக எடுக்கலாமே என்பீர்கள். ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு வெளியே எலி வராமல் அடித்த வலை, வலையிலிருந்து மூன்றடியில் அடுத்த கட்டடத்துச் சுவர். பசையைச் சூடு காட்டி இளக்கலாம், அந்தச் சூட்டில் கம்பு போய்விடும். இசக்கியைக் கூப்பிட்டுக் காட்டினோம். நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அறுத்துட்டு நடுவுல ஒரு கப்ளிங் போட்டா என்ன அண்ணாச்சி?" என்றார். அன்று முழுக்க ஜெயகுமார் அவரோடு பேசவில்லை.*

* பேசினேன். வால்வு விலை சொன்னேன். (ஜெ.)

6

முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) ஓட்டைப் பிரித்துக் கம்பை வெளியே எடுக்கிறார்கள். சாலைத் தெருவே நின்று வேடிக்கை பார்க்க, கயிறு கட்டிப் பதின்மூன்றடிக் கம்பு கூரையிலிருந்து இறங்குகிறது. சினிமாவுக்கு நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் ஓட்டில் கை வைத்தால் கட்டடத்துக்காரி முத்தாரம்மாள் எங்களையும் சேர்த்து இறக்கிவிடுவாள்.

(ஆ) கிரீஷே ஒருநாள் வருகிறான். மாடி ஏறுகிறான். கம்பைப் பார்க்கிறான், விழுந்து விழுந்து சிரிக்கிறான். இரண்டு பேரும்

[இதற்கு மேல் எழுத மனசு வரவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இதுதான், ஆனால் நியாயம் இல்லை. பொய்யைக் கேட்டுக்கொண்டவனே மாடியும் ஏறி வர வேண்டுமா?]

(இ) ஜெயகுமார் பட்ஜெட்டை மறந்து, முழு விலை கொடுத்துப் புதுக் கம்பு வாங்கிக் கிரீஷ் வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார். கிரீஷ் மறுபடியும் "சாரமில்ல அண்ணாச்சி" என்கிறான். கம்பு அவன் வீட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது. சனிக்கிழமை போன் வரவில்லை.

மூன்றிலும் கம்புதான் நடமாடுகிறது. ஆள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. முடிவே வேண்டாம் என்று பேனாவை மூடி வைத்தேன்.

7

இந்தப் பகுதியை ஜெயகுமாருக்குக் காட்டவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

கதையைக் கிரீஷுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று யோசித்தேன். ஒரு சிக்கல். கிரீஷ் வீட்டில் பேசுவது தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து அவனுக்கு ஓடாது. அவன் பெண்டாட்டி ஸ்மிதாவுக்கும் அப்படியே. யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்டினால்தான் உண்டு.

"மலையாளத்துல எழுதித் தா, ஒரு கவர்ல போட்டு அவன் ஆபீஸ்ல கொடுத்திருகேன்" என்றார் இவர்.

"எழுத மாட்டேன். வாசிச்சுக் காட்டுங்க. ஆறு பகுதிதான், அரை மணி நேரம் ஆகாது. வெறுங்கையோட போகணும்னு வருத்தப்பட்டீங்கல்லா, இத எடுத்துட்டுப் போங்க."

சரி என்றார். அந்தச் சரியை எனக்குத் தெரியும். நாலாம் பகுதியில் எல்லாம் வந்துவிடுகிறது, கதை சொல்லிவிடும், நான் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. நாளை ஞாயிற்றுக்கிழமை. காலையில் போகிறார். இந்தக் கடைசிப் பக்கத்தை அடியில் வைத்துத் தைத்துவிட்டேன்.

ஆகவே கிரீஷே, இதை நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்றால் வாசிக்கிறது உன் அண்ணாச்சி. குரல் இப்போது கொஞ்சம் மாறியிருக்கும், கண்டுகொள்ளாதே. தாண்டித் தாண்டி வாசித்திருந்தாலும் இருக்கும், முகத்தைப் பற்றி இரண்டாம் பகுதியில் ஒரு வரி உண்டு, வாசித்தாரா என்று கேள். நாலாம் பகுதியில் நீ கேட்டது நான் சொன்னது. அது கதை. அதை வைத்துக்கொண்டு அவரைத் தப்பிக்க விட்டுவிடாதே.

கடையில் நின்று அவர் என்னிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் எழுதாததற்குக் காரணம் இதுதான். எழுதியிருந்தால் அதையும் என் எழுத்தாக வாசித்து முடித்துவிட்டு, காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, சாயா குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

கதையின் முடிவை வாசிக்கிறவரிடம் விடுவது எங்கள் தொழிலில் உண்டு. நானும் விடுகிறேன்.

ஏங்க, இதோடு சரி. இனி காகிதத்தில் ஒன்றும் இல்லை, புரட்டிப் பார்க்காதீங்க. கீழே வச்சிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, நீங்களே சொல்லுங்க.